பச்சோந்தி கறுத்த வியாழக்கிழமை

பெரியாஸ்பத்திரிப் பெண்கள் வார்டில் பதினோராம் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றபோது, எப்போதும் நாக்கு நுனியில் தயாராக நிற்கும் கிண்டல் பிளாரன்ஸுக்கு வரவில்லை. கட்டிலில் கிடந்த பேச்சித்தாய்க்கு இருபது வயதுக்கு மேல் இராது. வலது கையில் முழங்கை வரைக்கும் துணிக்கட்டு. கட்டு நுனியில் விரல்கள் தெரிய வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது.

பொன்னுதுரை ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சுங்க இலாகாவில் பதினெட்டு வருஷம் பெட்டி திறந்து பார்த்தவர். அது அலுத்துப்போய் மனுஷர்களைத் திறந்து பார்க்கத் தொடங்கி நாலு வருஷம் ஆகிறது. கிரேட் காட்டன் ரோட்டில் ஒரு மக்ரூன் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். பலகையில் ‘பொன்னுதுரை, தனியார் துப்பறிவாளர்’ என்று இருக்கும். ஆபீஸின் டைப்பிஸ்ட், உதவியாளர், டீ வாங்கி வருகிறவள் எல்லாம் பிளாரன்ஸ்தான். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். வாயும் ஹையர்தான் என்று அவர் சொல்வார்.

நேற்றுக் காலை ஹென்றி என்பவன் அந்த மாடிப்படி ஏறி வந்தான். அவனுடைய தாய்மாமன் மரியான். மூன்று தோணிக்கும் ஒரு சங்கு குடோனுக்கும் சொந்தக்காரர். மூன்று வருஷத்துக்கு முன் வெடி போட்டு மீன் பிடிக்கப் போய், திரி முந்தி எரிந்து, இரண்டு கண்ணையும் பறிகொடுத்தவர். அவரிடம் பட்டாணி பருமனில் ஒரு முத்து இருந்தது. அறுபத்தொன்றில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது, முக்குளித்த கையோடு சர்க்கார் கண்ணில் படாமல் கரைக்குக் கொண்டுவந்தது. மூக்குப்பொடி டப்பாவில் போட்டு இடுப்பில் முடிந்து வைத்திருந்தார். போன வாரம் வியாழக்கிழமை விடிந்து பார்த்தால் டப்பா காலி. திருட்டு முத்து திருட்டுப் போனதை எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்வது?

“வேலைக்காரிதான் எடுத்துருக்கா” என்று ஹென்றி சொன்னான். “கொதிக்கிற எண்ணெயில கைய விடச் சொன்னோம். எடுக்காதவ கை வேகாதுல்லா? வெந்துட்டு. ஆனா எங்கன வச்சிருக்கான்னு மட்டும் வாயத் திறக்க மாட்டேங்கா. அதைத்தான் நீங்க கண்டுபிடிக்கணும்.”

பிளாரன்ஸ் டைப்ரைட்டரைத் தூக்கி அவன் தலையில் போடலாமா என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பொன்னுதுரை, “சரி, எடுத்துக்கிடுதேன்” என்றார். அவன் போன பிறகு அவள் கத்தித் தீர்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். “முத்து கெடைக்காத வரைக்கும் அந்தப் பிள்ளை திருடிதாம்ளா.”

இப்போது கட்டிலில் அந்தப் பிள்ளை கண் மூடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“யாரு கையப் புடிச்சிருந்தா?”

“ஹென்றி அண்ணாச்சி. மணிக்கட்டப் புடிச்சு அமுக்குனாவ.”

“மரியான்?”

“முதலாளி எண்ணுனாவ. ஒண்ணு, ரெண்டுன்னு பத்து வரைக்கும். அவசரமே படல.” பேச்சித்தாய் உதட்டை நனைத்துக்கொண்டாள். “ஆஸ்பத்திரியில குழம்புச் சட்டி கவுந்துட்டுன்னு சொல்லணும், இல்லன்னா உடங்குடியில எங்க அய்யாவ போலீஸ் கொண்டு போயிரும்னு சொன்னாவ. அப்படியே சொன்னேன்.”

பிளாரன்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அன்னைக்குக் காலையில வீட்டுல வழக்கத்துக்கு மாறா ஏதாவது பாத்தியாம்மா? சின்னதா இருந்தாலும் சொல்லு.”

“பச்சோந்தி கறுத்துக் கெடந்துச்சு.”

“பச்சோந்தியா?”

மரியான் ஒரு பச்சோந்தி வளர்த்தார். பேச்சித்தாய் வேலைக்கு வரும்போது, சத்தம் போடாத உயிர் ஏதாவது ஒன்று கொண்டு வா என்று சொல்லிவிட்டிருந்தாராம். அவள்தான் ஊரில் செம்மணல் தேரிக்காட்டு முள்ளுச்செடியில் பிடித்து ஓலைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தாள். நாள் முழுக்க அவர் விரலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

“நான் வெட்டுக்கிளி புடிச்சுக் குடுப்பேன். ஆனா எங்கிட்டயும் சேராது. யாரு கிட்டப் போனாலும் கறுத்து, மஞ்சப் புள்ளியாப் போட்டு, வாயப் பொளந்து சீறும். முதலாளி விரலுல ஏறுனா மட்டும் பச்சையாயிரும். புதன்கிழமை சாயந்திரம் கூட பச்சையா இருந்து மூணு வெட்டுக்கிளி தின்னுச்சு. வியாழக்கிழமை பாத்தா அவுக விரலுலயே கரிக்கட்டை மாதிரி கெடக்கு. வெட்டுக்கிளிய மூஞ்சிக்கு நேரா நீட்டுனாலும் நாக்க நீட்டல. முதலாளிகிட்ட சொல்லுறதுக்குள்ள முத்தக் காணும்னு என்னையப் புடிச்சுட்டாவ.”

பொன்னுதுரை நோட்டில் எழுதவில்லை. நோட்டை மூடினார். அவர் எதையாவது முக்கியமாக நினைத்தால் மூடிவிடுவார் என்பது பிளாரன்ஸுக்குத் தெரியும்.

வெளியே வந்து அவர் லாம்ப்ரட்டா ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும்போதுதான் பிளாரன்ஸுக்கு வாய் திரும்பி வந்தது. “பச்சோந்திக்கு நிறம் மாறுனது ஒரு துப்பா அண்ணாச்சி? நாளைக்கு மீன் நீந்துச்சு, காக்கா பறந்துச்சுன்னு ஒரு பைல் போடவா?”

“போடு. ஆனா நிறம் மாறாத காக்காயப் பத்தி எனக்குக் கவலை இல்லளா. ஏறு.”

*

மரியானின் வீடு கடற்கரையிலிருந்து ஒரு தெரு உள்ளே இருந்தது. முன்பக்கம் பெரிய ஹால், பின்னால் முற்றம், முற்றத்தில் ஒரு பூவரச மரம், அதைத் தாண்டிக் குசினி. அடுத்த குடோனில் உலரும் சங்கின் அழுகல் வாடை வீட்டுக்குள் குடியிருந்தது.

மரியான் சாய்வு நாற்காலியில் இருந்தார். ஆள் பாறை மாதிரி. கறுப்புக் கண்ணாடி போட்டு மறைக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. கண் இருந்த இரண்டு குழிகளையும் வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று முகத்தை நிமிர்த்தியே வைத்திருந்தார். இடது கை ஆள்காட்டி விரலில் பச்சோந்தி.

“ஒரு ஆம்பளைச் செருப்பு. ஒரு பொம்பளைச் செருப்பு” என்றார். “ஹென்றி கூட்டியாந்த ஆளா?”

“ஆமா. பொன்னுதுரை. இது பிளாரன்ஸ்.”

“அவகிட்டருந்து முத்த வாங்கிட்டீரா?”

“இன்னும் இல்ல.”

“இன்னொரு கையும் இருக்குல்லா அவளுக்கு” என்றார் மரியான், சாப்பாட்டுக்கு இன்னொரு வகைக் கறி இருக்கிறது என்பது போல.

பிறகு குசினிப் பக்கமாக முகத்தைத் திருப்பினார். “ஏளா மெட்டில்டா. இப்ப என்ன நிறம்?”

குசினி வாசலில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு மீன் அரிந்துகொண்டிருந்தாள். அவருடைய ஒரே மகள். முப்பத்து மூன்று வயது. வந்த சம்பந்தங்களையெல்லாம் தகப்பன் திருப்பி அனுப்பிவிட்டார். தன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. கோயில் பாடற்குழுவில் பிளாரன்ஸ் கடைசி வரிசையில் நின்ற காலத்தில் முன்வரிசையில் நின்று பாடியவள். கண் போன அப்பாவுக்குத் துணையாக வீட்டில் அடைந்ததிலிருந்து கோயில் பக்கமே காணவில்லை.

“பச்சைப்பா” என்றாள் மெட்டில்டா, திரும்பாமலே.

பிளாரன்ஸ் பச்சோந்தியைப் பார்த்தாள். அடுப்பிலிருந்து எடுத்துப் போட்ட சிரட்டை மாதிரி கன்னங்கரேலென்று இருந்தது. கண்கள் உள்வாங்கிக் கிடந்தன. அவள் வாயைத் திறந்தாள். பொன்னுதுரையின் செருப்பு அவள் கால் விரலை நசுக்கியது. வாய் மூடிக்கொண்டது.

“நல்லது” என்று மரியான் தலையாட்டினார். முகம் லேசாகத் தெளிந்தது.

பதினோரு மணிக்கு அதற்குக் காற்றாட விடுகிற நேரம். பின்னங்காலில் நூல் கட்டி, மரியானே கையால் தடவி நடந்துபோய்ப் பூவரசங் கிளையில் ஏற்றிவிட்டு, நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முற்றத்து நாற்காலியில் உட்காருவார். அன்றும் அப்படியே செய்தார். ஹென்றி அப்போதுதான் குடோனிலிருந்து வந்து அவர் பக்கத்தில் நின்று, தோணியில் ஏற்றுகிற உப்பைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினான். ஆள் வாட்டசாட்டம். அவனுடைய வலது கை பிளாரன்ஸின் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கைதான் அந்த மணிக்கட்டைப் பிடித்த கை.

மரத்தடியில் பொன்னுதுரையும் அவளும் மட்டும்.

“எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லட்டா?” என்று பிளாரன்ஸ் கிசுகிசுத்தாள். “பச்சோந்தி இருக்குற இடத்தோட நிறத்த எடுத்துக்கிடும். நாற்காலி கறுப்பு. அதனால கறுத்திருக்கு. இப்ப இலைக்குள்ள வந்துட்டு. பாருங்க, பச்சையாவும்.”

“பாப்பமே.”

பார்த்தார்கள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். சுற்றிலும் பச்சைப் பசேலென்று இலை. நடுவில் அது கரியாகவே இருந்தது.

“இடத்துக்கு ஏத்தபடி மாறும்னு ஊரே சொல்லுது, ஊருக்கு அதை உக்காந்து பாக்க நேரம் இல்ல” என்றார் பொன்னுதுரை தாழ்ந்த குரலில். “பழைய துறைமுகத்துக் குடோனுல ஒண்ணு இருந்துச்சு. ஆறு மாசம் எனக்கு அது கூடத்தான் டியூட்டி. சிவப்புத் தார்பாயில விட்டேன், நீலப் பீப்பாயில விட்டேன். அது ஒண்ணையும் சட்டை பண்ணல. அதுக்கு வெளிய இருக்குற நிறம் முக்கியமில்ல. உள்ள என்ன நடக்குதோ அதைத்தான் தோலு சொல்லும். குளுந்த காலையில வெயில இழுக்கணும்னு கறுக்கும். சூடு ஏறிட்டா வெளிறும். எதிரி வந்தா புள்ளி போட்டுக் கறுக்கும். பயமில்லாம வயிறு நெறஞ்சு இருந்தா பச்சை. தூங்கும்போது வெளுத்துப் போவும்.”

“அப்ப இந்த உச்சி வெயிலுல...”

“வெளிறிப் போயிருக்கணும். உன் கண்ணாடியக் குடு.”

அவள் கைப்பையிலிருந்த வட்டக் கண்ணாடியைக் கொடுத்தாள். அவர் அதைப் பச்சோந்தியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். “நல்லா இருக்குறதுன்னா, இன்னொருத்தன் வந்துட்டான்னு ஒடம்ப உப்பிக்கிட்டுச் சீறும்.” அது ஒரு கண்ணை மட்டும் மெதுவாகச் சுழற்றித் தன்னையே பார்த்தது. பிறகு அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டது.

“வெயிலுக்கும் அசையல, எதிரிக்கும் அசையல. சாவப் போற உயிரு இப்படித்தான் கறுத்த கறுப்பாவே கெடக்கும். பேச்சித்தாய் சொன்னது நிஜம். வியாழக்கிழமை இதுக்கு என்னமோ நடந்திருக்கு.” அவர் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். “ஆனா தினமும் பக்கத்துல இருக்குற மகள் பச்சைங்கா. போய் ஏன்னு கேளு.”

பிளாரன்ஸ் மனசுக்குள் கணக்குப் போட்டாள். பொய் சொல்கிறவளிடம்தான் முத்து இருக்கும். கல்யாணம் மறுக்கப்பட்டவள். வெளியேற வழி தேடுகிறவள். முன்வரிசையில் நின்று பாடிய அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. அவளாக இருக்கக் கூடாதே என்று நினைத்துக்கொண்டே குசினிக்குள் போனாள்.

“மெட்டில்டாக்கா. அது கறுத்துல்லா கெடக்கு? ஏன் அப்பாகிட்ட பச்சைன்னு சொல்லுதிய?”

மெட்டில்டா அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்தாள். பயம் எதுவும் முகத்தில் இல்லை. அலுப்புதான் இருந்தது.

“கறுத்தா கெடக்கு? நான் பாக்கல.”

“பாக்காம எப்படி?”

“வந்த நாளுலருந்தே அதை நான் ஏறெடுத்துப் பாத்தது கெடையாது. பாத்தா கொமட்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்ன நிறம், என்ன நிறம்னு கேப்பாவ. பச்சைன்னு சொன்னா அத்தோட பேச்சு முடிஞ்சிரும். வேற நிறம் சொன்னா ஏன், எதுக்குன்னு நூறு கேள்வி வரும். எனக்கு எதுக்கு அந்தக் கருமம்?” மீன் செதிலைத் தட்டிவிட்டாள். “இந்த ஒம்பது நாளா அதை விட மோசம். அதோட பீய ஒரு தாளுல அள்ளிக் கொண்டாங்காவ. கொண்டு போனா, விரலால நசுக்கி நசுக்கிப் பாக்காவ. உடம்புக்கு நல்லாயிருக்கான்னு பாக்காவளாம். இருக்குறது ஒரே மகள், அவளுக்குக் காய்ச்சல் வந்தா நெத்தியில கை வச்சதில்ல.”

பிளாரன்ஸ் வெளியே வந்தாள். அவளுக்குக் கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

“அக்கா திருடி இல்ல அண்ணாச்சி, சோம்பேறி. பாக்காமலே பச்சைங்காவ. இன்னொன்னு கேளுங்க. முத்து போன கவலையில முதலாளிக்குப் புத்தி கலங்கிட்டு. ஒம்பது நாளா பச்சோந்திப் பீய நசுக்கிக்கிட்டு உக்காந்திருக்காராம். தொலைஞ்சது முத்து, தேடுறது...”

வாக்கியத்தை முடிக்கவில்லை. பொன்னுதுரையின் முகம் மாறியிருந்தது. அவர் கிளைக்குள் கையை விட்டு, பச்சோந்தியின் அடிவயிற்றைக் கட்டைவிரலால் மெதுவாக அமுக்கினார். அது வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. அவர் பிளாரன்ஸின் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார்.

தோலுக்கு அடியில் பட்டாணி மாதிரி ஒரு கட்டி. கல்லாக இருந்தது.

“இது யாரு கையில வாயத் திறந்து காட்டும்?” என்று அவர் கேட்டார். யாரிடமும் சேராது, முதலாளி விரலில் ஏறினால் மட்டும் பச்சையாகிவிடும் என்று பேச்சித்தாய் சொன்னது அவள் காதில் ஓடியது. இருவரும் நாற்காலியில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நூலின் முனையை அவர் இரண்டு சுற்றாக விரலில் சுற்றிப் பிடித்திருந்தார்.

*

“மரியான்” என்றார் பொன்னுதுரை, எதிரே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு. “அறுபத்தொண்ணுல அந்த முத்த எப்படிக் கரைக்குக் கொண்டாந்தீரு? கரையில தலைமுடி, காது, அக்குள் எல்லாம் சோதனை போடுவான்.”

மரியான் சிரித்தார். “முழுங்கிட்டேன். மறுநாளு காலையில காட்டுப்பக்கம் போய் எடுத்துக் கழுவுனேன். அதுல என்ன இப்ப?”

“வயிறு மாதிரி நல்ல பெட்டி கெடையாதுன்னு அன்னைக்குப் படிச்சீரு.”

சிரிப்பு நின்றது. நூலைப் பிடித்திருந்த கை மட்டும் அசைந்தது.

“இந்த வீட்டுல பச்சோந்தி வாயத் திறந்து உள்ள ஒரு பொருளப் போடணும்னா ஒரு ஆளாலதான் முடியும். மத்த யாரு தொட்டாலும் கடிக்கும். புதன்கிழமை ராத்திரி போட்டிருக்கீரு. மறுநாளு வெளிய வந்துரும், எடுத்து வேற எங்கயாவது மறைச்சிரலாம்னு நெனச்சீரு. வரல. அன்னையிலருந்து பீய நசுக்கிப் பாத்துக்கிட்டு இருக்கீரு.”

ஹென்றி ஒரு அடி முன்னால் வந்தான். “மாமா? இவரு என்ன சொல்லுதாரு?”

மரியான் அவன் பக்கம் திரும்பவில்லை. அப்படியே பேசினார். குரலில் குற்ற உணர்ச்சி துளி கூட இல்லை.

“போன மாசம் நீயும் மெட்டில்டாவும் குசினியில பேசுனதைக் கேட்டேம்லே. முத்த வித்துட்டு, கெழவன கன்னியாஸ்திரீமாருக்க மடத்துல தள்ளிட்டுப் போவம்னு. கண்ணுதான போச்சு, காது இருக்குல்லா? முத்து எங்கிட்ட இருக்குறது வரைக்கும் உங்களுக்கு அதுமேல ஒரு கண்ணு. முத்து களவு போச்சுன்னா? தேடுவிய. தேடுற வரைக்கும் வீட்டை விட்டுப் போவ மாட்டிய, எனக்குச் சோறு வரும்.”

“அதுக்குப் பேச்சித்தாய் என்ன செஞ்சா?” என்று பிளாரன்ஸ் கேட்டாள்.

“களவு போச்சுன்னா களவாணி ஒருத்தி வேணும்லா? பிள்ளைய நம்ப முடியாது, மருமகன நம்ப முடியாதுன்னு ஊருல சொல்ல முடியுமா?” மரியான் கையை விரித்தார். “அவளுக்குன்னு கேக்க யாரு வருவா?”

குசினி வாசலில் மெட்டில்டா வந்து நின்றிருந்தாள். கையில் மீன் ரத்தம்.

அடுத்து நடந்ததைத் தடுக்க பொன்னுதுரை எழுந்தார், ஆனால் ஹென்றி முந்திக்கொண்டான். இரண்டே எட்டில் பூவரசை அடைந்து, பச்சோந்தியைக் கிளையோடு பிய்த்து இழுத்தான். அதன் கால்கள் சுள்ளியை விடவில்லை. மரியானின் விரலில் சுற்றியிருந்த நூல் வெடுக்கென்று இறுகியது. “ஏலே, விடு. அதை விடுலே” என்று அவர் எழுந்தார். ஹென்றி அரிவாள்மணை பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்து, கல்லில் அதை மல்லாத்திப் பிடித்து, தாடையிலிருந்து வால் வரைக்கும் ஒரே இழுப்பு. அது கடைசியாக ஒரு தடவை சீறியது. ஒன்பது நாளில் அது போட்ட முதல் சத்தம். மரியான் அந்தத் திசையில் இரண்டு கையையும் நீட்டியபடி நின்றார்.

ஹென்றி குடலுக்குள் விரலை விட்டு எடுத்தான். வேட்டியில் துடைத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மறுபடி துடைத்தான்.

உள்ளங்கையில் இருந்தது ஒரு சுண்ணாம்புக் கட்டி. மினுமினுப்பு ஒரு பொட்டு இல்லை. மேல்தோல் அரித்து, சொத்தை விழுந்த பல் மாதிரி பள்ளம் பள்ளமாக இருந்தது.

“ஒரு ராத்திரி மனுஷன் வயித்துல கெடந்தா தப்பிச்சுக்கிடும்” என்றார் பொன்னுதுரை. “இது ஒம்பது நாளு புளிப்புல ஊறிட்டு. நல்லா இருந்த உயிரு கறுத்துட்டுன்னு முதல் நாளே யாராவது உம்மகிட்ட சொல்லியிருந்தா, அப்பமே எடுத்திருப்பீரு.”

“மெட்டில்டா பச்சைன்னால்லா சொன்னா” என்றார் மரியான். “தினமும் கேட்டேனே. பச்சைன்னால்லா சொன்னா.”

மெட்டில்டா சிரித்தாள். முதலில் மூக்கு வழியாக, பிறகு வாய் திறந்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அந்தக் காலத்துப் பாட்டுக் குரல் அதில் எங்குமே இல்லை. ஹென்றி அந்தக் கட்டியை மாமனின் கைக்குள் வைத்து அழுத்தினான். மரியான் அதைப் பெருவிரலால் உருட்டினார். நகத்தால் சுரண்டினார். வெள்ளைத் தூள் நகத்துக்குள் ஏறியது.

“இது என் முத்து இல்ல” என்றார். அவர் உட்கார்ந்தார். விரலில் அறுந்துபோன நூல் இன்னும் சுற்றியிருந்தது.

பொன்னுதுரை வாசலுக்கு நடந்தார். ஹென்றி பின்னால் வந்து தோளைப் பிடித்தான். “நில்லும். உம்மைக் கூட்டியாந்தவன் நான். இதை வெளிய சொல்லப்படாது.”

“முத்தக் கண்டுபிடிக்கச் சொன்ன. கண்டுபிடிச்சாச்சு. உன் வேலை முடிஞ்சுது.” அவர் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்து அப்புறப்படுத்தினார். “இனி அந்தப் பிள்ளைக்க வேலை.”

தெரு முனையில் லாம்ப்ரட்டா கிளம்பும்போது பின்னாலிருந்து யாரோ ஓடி வந்தார்கள். மெட்டில்டா. மூச்சு வாங்கியது.

“பிளாரன்ஸ். புகார் எழுதும்போது என் பேரையும் எழுது” என்றாள். “அடுப்பு மூட்டி எண்ணெய காய வச்சது நான். அப்பா சொன்னாவன்னு வச்சேன். அவ என்னைத்தான் பாத்துக்கிட்டே இருந்தா. நான் இன்னும் கொஞ்சம் விறகு தள்ளுனேன்.” வேறொன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டாள். பிளாரன்ஸுக்கு அவள் மேல் இரக்கம் வர வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை.

*

சாயந்திரம் நாலு மணிக்கு ஏட்டு அய்யாக்குட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிளாரன்ஸ் டைப் அடித்துக் கொண்டுவந்த புகார் மூன்று பக்கம். பெயர், நேரம், எண்ணெய், எண்ணிக்கை எல்லாம் அதில் இருந்தது. பொன்னுதுரை ஒவ்வொரு வரியையும் பேச்சித்தாய்க்கு வாசித்துக் காட்டினார். நடுவில் ஒரு இடத்தில்தான் அவள் நிறுத்தச் சொன்னாள்.

“முத்து என்னாச்சு?”

“சுண்ணாம்பாப் போச்சு.”

“அந்தப் பச்சோந்தி?”

பிளாரன்ஸுக்குப் பொய் சொல்லிவிடலாம் என்று இருந்தது. இன்றைக்கு முழுவதும் பார்த்த பொய் போதும் என்று தோன்றியது. “ஹென்றி அறுத்துட்டான்.”

பேச்சித்தாய் மேல்விட்டத்தைப் பார்த்தாள். “தேரியில ஒரு சுள்ளிய இறுக்கிப் புடிச்சிட்டு உக்காந்திருந்துச்சு. நான்தான் பிச்சு எடுத்தேன்” என்றாள். பிறகு, “வாசிங்க அண்ணாச்சி” என்றாள்.

டாக்டர் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். நாளைக்கு மூன்று விரலை எடுக்க வேண்டும். மற்ற இரண்டைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றாராம். நர்ஸ் இதைப் பிளாரன்ஸிடம் வராண்டாவில் சொன்னாள். அந்த விஷயம் பேச்சித்தாய்க்கு முன்னமே தெரியும் என்பதையும் சொன்னாள்.

வாசித்து முடிந்தது. அய்யாக்குட்டி மைப்பெட்டியைத் திறந்து கட்டில் மேல் வைத்தார். நல்ல மனுஷர்தான். குரலை இளக்கி வைத்துக்கொண்டார். “இடது பெருவிரல் போதும்மா. நான் புடிச்சு உருட்டுதேன். உனக்குக் கஷ்டம் வேண்டாம்.”

அவர் கையை நீட்டியதும் பேச்சித்தாய் தன் இடது கையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். ஏட்டு கையை எடுத்துக்கொண்டார்.

“எனக்கு எழுதத் தெரியும். அஞ்சாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன்.”

“வலது கை...”

“இந்தக் கையால எழுதுதேன்.”

பிளாரன்ஸ் தன் பேனாவைத் திறந்து அவள் இடது கையில் வைத்தாள். காகிதத்துக்கு அடியில் சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தாள். பேனா முதலில் வழுக்கியது. பேச்சித்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிப் பிடித்தாள். இரட்டைக் கொம்பைப் போட்டு முடிக்கவே ஒரு நிமிஷம் ஆனது. கொம்பு சாய்ந்து கோட்டுக்கு வெளியே போனது. அடுத்த எழுத்துக்கு அவள் காகிதத்தைக் கொஞ்சம் திருப்பினாள்.

ஏட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொன்னுதுரை அவரையே பார்த்துக்கொண்டிருக்கவும் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டு நின்றார். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஆறு எழுத்து எழுத அவளுக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரமும் எல்லோரும் காத்து நின்றார்கள்.